கிட்டிக்குப் பல் கட்டியது

ஜனவரி 4, சனி

அலோயிடமிருந்து வாட்ஸ்அப். நான்கு மாதத்தில் வந்ததிலேயே நீளமான செய்தி இதுதான். "31ஆம் தேதி கப்பல் தூத்துக்குடி வெளிநங்கூரத்தில் நிற்கும். எண்ணெய் நிரப்ப ஒரு பகல் மட்டும். யாரும் இறங்க முடியாது. அங்கிருந்து பிரேசில்."

சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருப்பவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். ஊர் வாசலில் வந்து நிற்பார், வீட்டுக்கு வர முடியாது. பிரேசில் என்றால் ஆகஸ்டுக்கு முன் முகம் பார்க்க வழியில்லை. கையில் வாய்க்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு நின்றுவிட்டேன். நாற்காலியில் இருந்த பேஷண்ட் திறந்த வாயை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

அப்போதுதான் தோன்றியது. அவர் இறங்க முடியாவிட்டால் என்ன, நான் போகலாமே! கரையிலிருந்து ஐந்து மைல். கிட்டியில் போனால் ஒன்றரை மணி நேரம்.

கிட்டி எங்கள் பாய்மரப் படகு. இருபத்தெட்டு அடி. இங்கிலாந்தில் பிறந்தது, என்னைவிட ஏழு வயது மூத்தது. உண்மைப் பெயர் கிட்டிவேக். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊருக்குக் கிட்டி. செப்டம்பரிலிருந்து பழைய துறைமுகத்தில் கட்டிப் போட்டபடி கிடக்கிறது. மேலே சக்கரத்தைத் திருப்பினால் கீழே சுக்கான் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வெண்கலப் பல்சக்கரம். அதில் மூன்று பல் போய்விட்டது.

31ஆம் தேதி நான் கிட்டியை ஓட்டிக்கொண்டு அந்தக் கப்பல் அருகே போக வேண்டும். அலோயிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதை போனில் நாற்பது தடவை எழுதி நாற்பது தடவை அழித்தாயிற்று. என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன்.

இருபத்தேழு நாள் இருக்கிறது.

ஜனவரி 5, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேரே துறைமுகம். மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் பார்க்கும் ததேயூஸ் அண்ணனைக் கையோடு கூட்டிப் போனேன். அவர் சக்கரத் தூணின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டாக்டரு, இது நம்ம ஊர்ல கிடைக்குற சாமானே இல்ல. வெள்ளக்காரன் அவன் இஷ்டத்துக்கு வார்த்திருக்கான்."

"கழத்தித் தாங்கண்ணே. அதைக் காட்டி வேற வாங்கிருவோம்."

"கழத்தவா? அம்பது வருச உப்பு. தண்டோட தண்டா இறுகிக் கெடக்கு. அறுத்துத்தான் எடுக்கணும். அறுத்துட்டு புதுசு கிட்டலன்னா இருக்கதும் போச்சு, பாத்துக்கிடுங்க."

படகின் பெயர் கிட்டி. பாகம் மட்டும் கிட்டாதாம்! சிரிப்புத்தான் வந்தது. மூடியை மாட்டுவதற்கு முன் உள்ளே விரலை விட்டு அந்த இடத்தைத் தடவினேன். மூன்று பல்லும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது கைக்கு வருகிற உணர்வு, எலும்பு முறிவது போலவே இருக்கும்.

ஜனவரி 7, செவ்வாய்

செய்த கம்பெனி மூடி நாற்பது வருடமாகிறதாம். இங்கிலாந்தில் பழைய படகுச் சாமான் விற்கும் ஒருவர் ரொம்ப மரியாதையாக மின்னஞ்சல் போட்டிருக்கிறார்: இதே மாதிரிப் பழையது ஒன்று அடுத்த கோடைக்குள் கையில் கிடைத்தாலும் கிடைக்கலாம். அடுத்த கோடை! பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு கடைக்காரர் லாரி ஸ்டீயரிங்கையே எடுத்து மேசை மேல் வைத்துவிட்டார். "படகுதானம்மா, இது போதும்" என்றார். அவரோடு சண்டை போட நேரமில்லை.

ஜனவரி 8, புதன்

மாமி வந்தார்கள். அலோயின் அம்மா. முன்பல் இரண்டும் நான் கட்டியது. ஒட்டுப் பல் சற்று ஆடுவது போல இருக்கிறதாம். ஆடவேயில்லை. மூன்று மாதமாக இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தப் பல்லும் கிட்டியில் போனதுதான். செப்டம்பர் பதினாலு, துறைமுக வாசலில். படகு அலையில் பின்னுக்குத் தள்ளப்பட்டு அலைதடுப்புக் கல்லில் மோதியபோது மாமி முகங்குப்புற விழுந்தார்கள். அன்று சக்கரத்தைப் பிடித்திருந்தது அலோய் என்று ஊரே சொல்கிறது. அலோயும் அதைத்தான் சொன்னார். அன்றிலிருந்து மாமி மகனோடு பேசுவதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. அவரும் விடுமுறையை முடிக்காமலே கப்பலேறிவிட்டார்.

"மாமி, அலோய் 31ஆம் தேதி இங்க வெளியில வந்து நிக்குறாங்களாம்."

"அவன் பேச்ச எடுக்காதட்டி" என்றார்கள்.

பிறகு வாயைத் திறந்துகொண்டு, நான் வேலையை முடிக்கும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கைச் சரிசெய்கிற சாக்கில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜனவரி 9, வியாழன்

இன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலி.

யாரோ கொடுத்த நம்பரில் கோயம்புத்தூரில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றுக்கு நேற்று போன் போட்டு, "நாப்பது பல்லுல மூணு போயிருச்சு, புதுசா வேணும், திரும்பக் கூப்பிடுங்க" என்று தகவல் சொல்லி வைத்திருந்தேன். கிளினிக் நம்பரைக் கொடுத்தது என் புத்தி. அவர் கூப்பிட்டபோது நான் ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தது முத்துப்பேச்சி அக்கா. பதினாறு வருடமாக என் கிளினிக்கை நடத்துகிறவள். என்னையும் அவள்தான் நடத்துகிறாள்.

"பல்லு விசயமாப் பேசணுமுங்க."

"சொல்லுங்க, எத்தன பல்லு?"

"மொத்தம் நாப்பது இருக்குமாட்ட இருக்குதுங்க."

"நாப்பதா! மனுசனுக்கு முப்பத்திரெண்டுதானய்யா. எதுக்கும் எக்ஸ்ரே எடுத்துருவோம். எத்தன ஆடுது?"

"ஆடறதில்லைங்க. மூணு போயிருச்சாமா. ஒட்டுப்போட்டா நிக்காதுங்க. மொத்தமாப் புதுசு வெட்டோணும். சாம்பிள் இல்லாம எப்புடிங்க வெட்டறது?"

"மொத்தமாக் கட்டணும்னா அளவு எடுக்கணும்லா. நேர்ல வாங்க. டாக்டரம்மா மாவு வச்சு அச்சு எடுப்பாவ. அந்த அச்ச வச்சுத்தான் பல்லு செய்வோம்."

அப்புறம் அந்த மனிதர் சொன்னாராம்: "ஏனுங்க அம்மிணி, அந்த அச்சயே எனக்கு அனுப்புனீங்கன்னா நான் இங்கயே வெட்டித் தந்தர்றேனே!"

அக்கா என் அறைக்கு வந்து, கோயம்புத்தூரில் ஒரு கிறுக்கன் தன் பல்லைத் தானே வெட்டிக்கொள்கிறானாம், அச்சு மட்டும் போதுமாம் என்றாள். இடுக்கியை அப்படியே தட்டில் போட்டுவிட்டேன். அடேயப்பா! இருபது வருடமாக ஊர் முழுக்க வாய் வாயாக அச்சு எடுக்கிறேன். வெண்கலப் பல்லுக்கு எடுக்கத் தோன்றவில்லையே எனக்கு! கழற்றவே வேண்டாம். இருந்த இடத்திலேயே எடுத்துவிடலாம்.

திரும்பக் கூப்பிட்டேன். பட்டறைக்காரர் பெயர் நாச்சிமுத்து. "அந்தம்மா என்னைய வாயக் கொப்புளிச்சுட்டு வரச் சொன்னாங்களுங்க" என்றார்.

ஜனவரி 10, வெள்ளி

தோல்வி. கட்டுப் பல்லுக்கு எடுக்கிற அதே மாவைக் குழைத்து எடுத்துக்கொண்டு தூணுக்குள் தலைகீழாகத் தொங்கி அச்சு எடுத்தேன். அழகாக வந்தது. குதித்தேன். அதற்குள் ததேயூஸ் அண்ணன், "அன்னைக்கு அலோய் எப்படித் திருப்புனாரு, வலதா இடதா?" என்று கேட்டார். நான் பதில் யோசித்துக்கொண்டே நின்றுவிட்டேன். வெயிலில் மாவு சுருங்கிப்போனது. உடனே சாந்து ஊற்ற வேண்டும் என்பதை முதல் வருட மாணவிகூட மறக்க மாட்டாள்.

அவரிடம் "தெரியாது" என்று சொன்னேன்.

ஜனவரி 11, சனி

இன்று மாவு வேண்டாமென்று ரப்பர் பசையில் எடுத்தேன். அது சுருங்காது. அக்காவையும் படகுக்கு இழுத்துப் போனேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கையால் டார்ச்சும் ஒரு கையால் என் இடுப்பும் பிடித்துக்கொண்டாள்.

"எச்சித் துப்பாத பேஷண்டு இதுதான் டாக்டரம்மா. கையக் கடிக்கவும் கடிக்காது."

பல்சக்கரத்தைச் சுற்றி நான்கு பகுதியாக அச்சு. கிளினிக்கில் கல்சாந்து ஊற்றிக் காயவைத்துப் பிரித்தேன். ஒவ்வொரு பல்லும் அச்சு அசலாக நிற்கிறது! மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். கல்லூரியில் செய்த முதல் பல்செட்டுக்குக்கூட இவ்வளவு துள்ளியதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பஞ்சு சுற்றி, துணி சுற்றி, கோயம்புத்தூர் பஸ்ஸில் பார்சல் போட்டாயிற்று. உள்ளே என்ன என்று டிரைவர் கேட்டார். பல் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கல். பட்டறை பத்தொன்பதாம் தேதிவரை பூட்டு. நாச்சிமுத்து அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். பொங்கலைக் கண்டுபிடித்தவர் யாராயிருந்தாலும் இந்த வருடம் மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம்.

அலோய்க்கு "ஹேப்பி பொங்கல்" அனுப்பினேன். "சரி" என்று பதில்.

ஜனவரி 18, சனி

பாயைப் பிரித்துத் தைக்க வேண்டிய இடம் தைத்தேன். கயிறு மாற்றினேன். வயர்லெஸ் வேலை செய்கிறது. துறைமுக அனுமதிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. எல்லாம் தயார், சுக்கான் தவிர. மணப்பெண் தவிர கல்யாணம் தயார் என்கிற மாதிரி.

ஜனவரி 21, செவ்வாய்

நாச்சிமுத்து அண்ணன் போன். சாந்து அச்சை அளந்துவிட்டார். நாற்பது அல்ல, நாற்பத்தொன்று. நான் எண்ணியதில் ஒன்று குறைவு. பழைய இங்கிலீஷ் அளவாம். அந்த அளவுக்கு வெட்டும் கத்தி இப்போது யாரிடமும் இருக்காதாம், அவருடைய பரணில் இருக்கிறதாம். நான் போனிலேயே கத்திவிட்டேன், "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்!"

"ஒண்ணு சொல்லட்டுங்களா. இது தேஞ்சு போன பல்லு இல்லீங்க."

"பின்ன?"

"மத்த பல்லெல்லாம் இன்னும் அம்பது வருசம் ஓடும். இந்த மூணும் ஒரே மூச்சுல போயிருக்குது. கீழ சுக்கான் ஒரு பக்கம் தள்ளுது, மேல ஒருத்தர் விடாம எதுத்துப் புடிச்சிருக்காரு. நல்ல பிடிவாதக்காரருங்க."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாலே, இவர் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று நான் சொல்லிவிடுவேன். அதே மாதிரித்தான் அவரும் சொன்னார். "இருக்கலாம்" என்றேன்.

ஜனவரி 22, புதன்

பிடிவாதக்காரர் இல்லை. பிடிவாதக்காரி.

ஜனவரி 25, சனி

வந்துவிட்டது! வந்துவிட்டது! காலை ஆறு மணிக்கு பஸ் நிலையத்தில் போய் நின்று வாங்கினேன். கன்மெட்டல் என்னும் வெண்கலத்தில் வெட்டியது, மஞ்சளாகத் தகதகக்கிறது, குழந்தை மாதிரி கனம். கிளினிக் மேசையில் வைத்திருந்தேன். வந்த பேஷண்ட் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பாட்டையா, "இது யாருக்கும்மா கட்டப் போற?" என்று பயந்து கேட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று பழையதை அறுத்தோம். ததேயூஸ் அண்ணன் ரம்பத்தை வைக்கும் முன் கேட்டார்: "டாக்டரு, அறுத்துருவேன். அப்புறம் திரும்ப ஒட்ட முடியாது. புதுசு சேரும்னு நிச்சயமா?"

"அச்சு நான் எடுத்தது. சேரும்" என்றேன்.

சேரவில்லை! ஒரு மயிரிழை. தண்டில் பாதி ஏறி நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் சுத்தியலை எடுத்தார்.

"அடிக்காதீங்கண்ணே!"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய?"

என்ன செய்வது! கட்டுப் பல் வாயில் சேராவிட்டால் நான் சுத்தியலா எடுக்கிறேன்? நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே மை படிகிறதோ அங்கே மட்டும் ராவுவேன். கிளினிக்குக்கு ஓடினேன், தாளும் கைமெஷினும் எடுத்து வந்தேன். தண்டில் நீலத் தாளைச் சுற்றி, பல்சக்கரத்தை ஏற்றி, எடுத்து, உள்வட்டத்தில் மை பட்ட இடத்தை ராவி, மறுபடி ஏற்றி. பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

சக்கரத்தைத் திருப்பினேன். கீழே சுக்கான் திரும்பியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சத்தமே இல்லை. ததேயூஸ் அண்ணன் பீடியைப் பற்ற வைக்க மறந்து வாயில் வைத்தபடியே நின்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன், அவர் கைக் கிரீஸ் என் சட்டை முழுக்க.

ஜனவரி 29, புதன்

அனுமதி வந்தது. கப்பலுக்குக் கால் மைலுக்குள் போகக் கூடாது. பார்க்கலாம், வயர்லெஸ்ஸில் பேசலாம். போதும்.

ஜனவரி 30, வியாழன்

நாளைக்குப் போகிறேன், ஆகவே எழுதிவிடுகிறேன்.

அன்று துறைமுக வாசலில் சக்கரம் என் கையில் இருந்தது. கிளம்பும்போதே அலோயும் நானும் சண்டை. எதற்கு என்றுகூட நினைவில்லை. வாசலில் படகு பின்னுக்கு வாங்கியதும் அவர் "விடு, விடு" என்று கத்தினார். எனக்கு நன்றாகக் கேட்டது. இவர் சொன்னால் நான் விட வேண்டுமா என்றிருந்தது. விடவில்லை. மாமி வாயில் ரத்தத்தோடு எழுந்து "யாருல ஓட்டுனது?" என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "நான்தாம்மா" என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் திறக்கவேயில்லை.

ஜனவரி 31, வெள்ளி

எழுதும்போதே சிரித்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷத்தில்.

காலை எட்டு மணிக்கு நானும் ததேயூஸ் அண்ணனும். நல்ல வாடைக்காற்று. துறைமுக வாசலில் அந்தக் கல்லைப் பார்த்ததும் சக்கரத்தை இடது பக்கம் திருப்பினேன். கிட்டி சொன்னபடி கேட்டாள். இடது என்றால் இடது. வெளியே வந்து பாய் புடைத்ததும் நான் "ஓ"வென்று கூச்சல் போட்டேன். அண்ணன் திரும்பிப் பார்த்து, "டாக்டரு, நீங்க சத்தம் போடுவியளா!" என்றார்.

ஒன்பதரைக்குக் கப்பலை நெருங்கினோம். கட்டடம் மாதிரி நின்றது. வயர்லெஸ்ஸில் கப்பல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, விதிப்படி வேறு சேனலுக்கு மாறினேன். எந்தச் சேனலுக்கு மாறினால் என்ன, தூத்துக்குடி வள்ளக்காரர்கள் பின்னாலேயே மாறிவருவார்கள். தெரிந்தேதான் பேசினேன்.

"நார்டிக் ஹெரன், இது கிட்டி. சீஃப் ஆபீசர் இருக்காங்களா?"

பிறகு அவர் குரல்.

"கிட்டியா? எந்தக் கிட்டி?"

"எத்தன கிட்டி வச்சிருக்கீங்க?"

மேலே கப்பலை ஓட்டும் மாடத்தின் ஓரத்தில் ஒரு ஆரஞ்சுச் சட்டை ஓடி வந்து நின்றது. கையில் பைனாகுலர்.

"பிளாவி! சுக்கான்?"

"பல்லு கட்டியாச்சு. கோயம்புத்தூர் பல்லு."

அவர் சிரித்த சிரிப்பு வயர்லெஸ்ஸைக் கிழித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அலோய், செப்டம்பர் பதினாலு சக்கரம் என் கையில இருந்துச்சு. நீங்க விடச் சொன்னது கேட்டுச்சு. வேணும்னேதான் விடல. கிட்டி பல்லும் மாமி பல்லும் என்னாலதான் போச்சு. எல்லாரும் உங்கள ஏசுறப்போ நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எனக்கு வெக்கமா இருக்கு. என்னை மன்னிச்சிருங்க."

இரைச்சல். ததேயூஸ் அண்ணன் குனிந்து இல்லாத கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நான்கைந்து வினாடி இருக்கும், எனக்கு ஆகஸ்ட் வந்துவிட்டது போல இருந்தது. எங்கோ ஒரு வள்ளத்திலிருந்து யாரோ புகுந்தார்கள்: "ஏ அலோய், பதில் சொல்லும்வே! பொம்பள அழுதுல்லா!"

"சரியாக் கேக்கல" என்றார் அலோய். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். கத்திச் சொன்னேன்.

"இன்னொருக்கா."

"மரியாதையாக் கேட்டுக்கோங்க, இனிமே சொல்ல மாட்டேன்!"

கடல் முழுக்கச் சிரித்தது. அவர் குரல் மட்டும் தாழ்ந்தது. "நானும் பேசாம கப்பலேறிருக்கக் கூடாது பிளாவி. கிட்டி ரொம்ப அழகா வருது. நீயும்தான்." பிறகு கேட்டார், "அம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல. நாளைக்குப் போய்ச் சொல்றேன்."

"இனி எங்க சொல்லப் போற. நீ கரை சேருறதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுரும்."

அந்தக் கப்பலை இரண்டு சுற்று சுற்றினேன். ஆரஞ்சுச் சட்டை மாடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடிக்கொண்டேயிருந்தது.

பிப்ரவரி 1, சனி

கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் மாமி. முத்துப்பேச்சி அக்கா எனக்குக் கண் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமி நேரே போய் நாற்காலியில் சாய்ந்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

"மாமி, நான் உங்ககிட்ட..."

"வயர்லெஸ்ல சொன்னதத்தான சொல்லப் போற? நேத்தே நாலு பேரு வந்து ஒப்பிச்சிட்டாவ." கைப்பையை மடியில் வைத்தார்கள். "எனக்குத் தெரியாதாட்டி? சக்கரத்தப் பாத்துத்தான நான் உக்காந்திருந்தேன். உன் கையப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன். தெரிஞ்சேதான் யாருன்னு கேட்டேன்."

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அப்போ... அவங்ககூட ஏன் மாமி பேசல?"

"பல்லு போனதுக்கா பேசாம இருப்பேன்? எம் மூஞ்சிக்கு நேரா நின்னு பொய் சொன்னாம்லா. பெத்தவகிட்ட. பொண்டாட்டிய காப்பாத்துனது சரி, அதுக்கு என்னய மடச்சியாக்கணுமா? நீயாவது வாயத் தொறப்பன்னு மாசாமாசம் வந்து இந்தச் சேர்ல உக்காந்தேன். நீ என் வாயத்தான் தொறக்கச் சொன்ன."

நான் அழுதேன். மாமி தட்டிலிருந்த பஞ்சை எடுத்து என் கையில் திணித்தார்கள். "போதும், மூக்கைச் சிந்து. அவனுக்கு போனப் போடு. கப்பல் தூரம் போறதுக்கு முன்னால."

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "பிளாவி?" என்பதற்குள் மாமி போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஏல, பொய்க்காரப் பயல, சாப்ட்டியா?"

அப்புறம் அலோய் குழந்தை மாதிரி "அம்மா" என்றது எனக்கும் கேட்டது. வெளியே மூன்று பேஷண்ட் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவிடம் அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லச் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்தினேன்.